11-வது பாரில் தடுமாறுகிறேன்: ப்ளூஸ் டர்ன்அரவுண்ட் பழகுவது எப்படி?

#1 மழைக்காலம்

எல்லாருக்கும் வணக்கம். கிதார் கையில் எடுத்து இரண்டரை வருஷம் ஆகிறது, கடைசி ஆறு மாதமாக ப்ளூஸ் மட்டும்தான். 12 பார் அமைப்பு தெரியும் (ஒரு பார் என்பது நான்கு பீட்), ஈ-யில், அதாவது E சுருதியில், ஷஃபிள் ரிதம் நிற்காமல் ஓடுகிறது. சிக்கல் கடைசி இரண்டு பாரில், சுற்றை மறுபடி முதல் பாருக்குத் திருப்பிவிடும் டர்ன்அரவுண்ட் வரியில். டேப் (கம்பி, ஃப்ரெட் எண்களில் எழுதிய குறிப்பு) பார்த்து எட்டு டர்ன்அரவுண்ட் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், தனியாக உட்கார்ந்து வாசித்தால் எட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பேக்கிங் டிராக் போட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நான் முன்னாடியே முதல் பாருக்கு வந்து நிற்கிறேன், டிரம்ஸ் இன்னும் அங்கே வந்திருக்காது.

போன சனிக்கிழமை இரண்டு நண்பர்களோடு வாசித்தேன். ஒருவர் பேஸ், இன்னொருவர் கஹோன் (உட்கார்ந்து தட்டும் பெட்டி டிரம்). மூன்றாவது சுற்றிலேயே பேஸ் வாசித்தவர் என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு கஹோன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் வீட்டுக்கு வந்தபிறகும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

என்ன செய்யலாம்? இன்னும் சில டர்ன்அரவுண்ட் கற்றுக்கொண்டால் ஏதாவது ஒன்று கைக்கு உட்காருமா, இல்லை தியரியை முதலில் படிக்க வேண்டுமா?


#2 ஆறுகம்பி

புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். எட்டில் நீங்கள் அதிகம் வாசிப்பது எது, அதை 11-வது பாரின் எந்த பீட்டில் தொடங்குகிறீர்கள்? எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நினைவில் இருந்து வேண்டாம்.


#3 மழைக்காலம்

இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன் அண்ணா. மூன்றாவது கம்பியில் 7-வது ஃப்ரெட், கூடவே முதல் கம்பி திறந்தபடி. அப்படியே 7, 6, 5, 4 என்று இறங்கி, கடைசியில் சி7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தொட்டு பி7. பீட்டுக்கு ஒரு ட்ரிப்லெட், அதாவது மூன்று சமமான தட்டு. தொடங்குவது முதல் பீட்டில்.


#4 ஆறுகம்பி

அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒரு பீட் முன்னால் கிளம்புகிறீர்கள், அதனால் ஒரு பீட் முன்னால் வந்து சேர்கிறீர்கள். விரலில் ஒரு குறையும் இல்லை.

11-வது பாரின் முதல் பீட் ஈ-க்குச் சொந்தம். 9-இல் பி7, 10-இல் ஏ7 என்று வெளியே போய்விட்டு வருகிறோம் இல்லையா, அந்த முதல் பீட்டில்தான் பாட்டு வீட்டு வாசலை மிதிக்கிறது. பாடுபவரின் கடைசிச் சொல்லும் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். அந்த இடத்தில் கட்டைவிரலால் ஆறாவது கம்பியைத் திறந்தபடி ஒரே ஒரு முறை தட்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம். இறக்கம் இரண்டாவது பீட்டில் தொடங்கட்டும்.

கணக்கு இப்படி வரும். 11-வது பார்: முதல் பீட் கீழ் ஈ, இரண்டாவது பீட் 7-வது ஃப்ரெட், மூன்றாவது 6, நான்காவது 5. இப்போது 12-வது பாரின் முதல் பீட்டில் 4-வது ஃப்ரெட் வந்து விழுகிறது, அதாவது பி ஸ்வரமும் மேலே திறந்த ஈ-யும். இரண்டாவது பீட்டின் கடைசித் துணுக்கில், ட்ரிப்லெட்டின் மூன்றாவது தட்டில், சி7. மூன்றாவது பீட்டில் பி7. அதை நான்காவது பீட் முடியும் வரை ஒலிக்க விடுங்கள். அந்த பி7 ஒலித்துக்கொண்டிருக்கும்போது கை எதுவும் செய்யக்கூடாது. நீங்கள் முதல் பீட்டிலேயே கிளம்பியதால் அந்த பி7 ஒரு பீட் சீக்கிரம் வந்திருக்கும், அப்புறம் அது எவ்வளவு நேரம் ஒலித்தாலும் அதிக நேரம் போலத் தோன்றும், கை தானாக அடுத்த சுற்றுக்குப் பாய்ந்துவிடும்.

சி7-இலிருந்து பி7-க்குப் போக விரல்களை மாற்றி அமைக்கத் தேவையில்லை. சி7-ஐ வழக்கம்போலப் பிடியுங்கள்: ஐந்தாவது கம்பி 3 மோதிர விரல், நான்காவது 2 நடுவிரல், மூன்றாவது 3 சுண்டுவிரல், இரண்டாவது 1 ஆட்காட்டி. அந்த நான்கு கம்பி மட்டும்தான், ஓரத்து இரண்டையும் தொடாதீர்கள். இப்போது கையை அப்படியே ஒரு ஃப்ரெட் பின்னால் தள்ளுங்கள். ஆட்காட்டி விரல் பிடிக்க ஃப்ரெட் இருக்காது, அதை லேசாகத் தூக்கினால் இரண்டாவது கம்பி திறந்துகொள்ளும், அதுவும் பி-தான். பி7 கிடைத்துவிட்டது.

இன்னொன்று. மெதுவாகவே பழகுங்கள், ஆனால் 12 பார் முழுதும் சுற்ற வேண்டாம். 80 டெம்போவில் ஒரு சுற்று 48 பீட், 36 நொடி. அந்த 36 நொடியில் உங்களுக்கு டர்ன்அரவுண்ட் ஒரு முறைதான் வருகிறது. 9-வது பாரில் தொடங்கி 12 முடித்து, முதல் பாரையும் ஒரு முறை வாசித்துவிட்டு மறுபடி 9-க்குப் போங்கள். 20 பீட், 15 நொடி. பத்து நிமிஷத்தில் 40 முறை வரும். முதல் பாரை மட்டும் விட்டுவிடாதீர்கள், நீங்கள் தவறுவதே அந்தக் கதவில்தான்.


#5 தாளக்கட்டு

நான் பேஸ் வாசிக்கிறவன். உங்கள் நண்பர் ஏன் திரும்பிக்கொண்டார் என்று எனக்குப் புரிகிறது, கோபமாக இருக்காது. கடைசி இரண்டு பாரில் நாங்கள் கிதாரிடம் எதிர்பார்ப்பது இரண்டே இடம்: 11-இன் முதல் பீட்டில் ஈ, 12-இல் பி7. இந்த இரண்டும் இருந்தால் நடுவில் நீங்கள் என்ன அலங்காரம் செய்தாலும் நாங்கள் கூடவே வருவோம். முதல் இடமே கிடைக்காவிட்டால் தாளம் வைத்திருப்பவரைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

நீங்கள் கீழே இறங்கும்போது நான் என்ன வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் டர்ன்அரவுண்ட் வேறு மாதிரி கேட்கும். நான் மேலே ஏறுகிறேன். முதல் பீட் ஈ, இரண்டாவது ஜி ஷார்ப், மூன்றாவது ஏ, நான்காவது ஏ ஷார்ப், அடுத்த பாரின் முதல் பீட்டில் பி. அதே நேரத்தில் உங்கள் மூன்றாவது கம்பி டி, சி ஷார்ப், சி, பி என்று இறங்குகிறது. ஒருவர் மாடியிலிருந்து இறங்குகிறார், ஒருவர் கீழிருந்து ஏறுகிறார், இரண்டு பேரும் பி-யில் சந்திக்கிறார்கள்.

பீட் பீட்டாகப் பாருங்கள். ஜி ஷார்ப் மேல் டி, ஈ என்றால் அது ஈ7. ஏ மேல் சி ஷார்ப், ஈ என்றால் ஏ கார்டு. ஏ ஷார்ப் மேல் சி, ஈ வரும்போது, நீங்கள் பிறகு பிடிக்கப்போகும் சி7 அங்கேயே எட்டிப் பார்த்துவிடுகிறது. அதில் சி அரைப்படி இறங்கினால் பி, ஏ ஷார்ப் அரைப்படி ஏறினாலும் பி. இரண்டு பக்கமும் பி-யை நெருக்கிப் பிடிக்கிறது. கேட்பவருக்கு 'திரும்பப் போகிறோம்' என்று தோன்றுவது இந்த நெருக்கத்தால்தான்.

ஒரு முறை நீங்கள் இறக்கத்தை வாசித்துக்கொண்டே என் வரியை வாயால் பாடிப் பாருங்கள். முதல் நாள் வராது. வந்துவிட்டால் பீட் எண்ண வேண்டிய அவசியமே இருக்காது.


#6 விரல்நுனி

எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. தாளக்கட்டு சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் இரண்டரை வருஷம் வாசித்தவரிடம் ஒரே நாளில் இவ்வளவு கொடுத்தால் கை இறுகிவிடும். நான் கற்றுக்கொண்டது கை வழியாகத்தான், என்ன கார்டு என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது.

எட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டே இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுடைய இறக்கம். இரண்டாவது, மூன்றாவது கம்பியும் முதல் கம்பியும் சேர்ந்து இறங்குவது: இரண்டிலும் 4-வது ஃப்ரெட், இரண்டிலும் 3, இரண்டிலும் 2, கடைசியில் மூன்றாவது கம்பியில் 1, முதல் கம்பி திறந்தபடி. நடுவில் இருக்கும் இரண்டாவது கம்பி ஒலிக்கக்கூடாது, அதுதான் இதில் கஷ்டம். பிக் வைத்து வாசிப்பவர் மூன்றாவது கம்பியை பிக்கிலும் முதல் கம்பியை நடுவிரலிலும் எடுத்தால் சுத்தமாக வரும். தொடக்கம் இங்கேயும் இரண்டாவது பீட்தான், கடைசி ஜோடி 12-வது பாரின் முதல் பீட்டில். அப்புறம் ஐந்தாவது கம்பியில் திறந்தது, 1, 2 என்று ஒரே ட்ரிப்லெட்டில் ஏறி மூன்றாவது பீட்டில் பி7.

இந்த இரண்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும் அளவுக்கு ஆகட்டும். பிறகு தியரி தானாகப் புரியும்.


#7 தாளக்கட்டு

இரண்டு போதும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நான் சொன்னது தியரி இல்லை நண்பரே, கூட வாசிப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்பது. அதைத் தள்ளிப்போட்டால் கை மட்டும் வளரும், காது அங்கேயே நிற்கும்.


#8 பழையதட்டு

நான் வாசிப்பதைவிடக் கேட்பது அதிகம், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்த இறக்கத்தைப் புரிந்துகொள்ள பியானோ கேட்க வேண்டும். 1928-இல் இண்டியானபோலிஸில் லெராய் கார் பியானோவிலும் ஸ்க்ராப்பர் பிளாக்வெல் கிதாரிலும் சேர்ந்து பதிவு செய்யத் தொடங்கினார்கள். இரண்டு பேர், அதனால் கீழே ஒரு வரி, மேலே ஒரு வரி என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. அந்தப் பதிவுகளை ஊன்றிக் கேட்டவர்களில் ஒருவர்தான் மிசிசிப்பியின் ராபர்ட் ஜான்சன். அவர் அந்த இரண்டு வரியையும் ஒரே கிதாருக்குள் கொண்டுவந்தார். கட்டைவிரல் கீழே, மற்ற விரல்கள் மேலே.

1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டலிலும், 1937 ஜூனில் டல்லஸிலும் பதிவு செய்த 29 பாட்டுதான் அவர் விட்டுச்சென்றது. 1938-இல் இறக்கும்போது வயது 27. அந்தப் பாட்டுகளில் பலவற்றின் தொடக்கத்தையே கேளுங்கள், முன்னிசையாக வருவது இந்த டர்ன்அரவுண்ட் உருவம்தான். முடிவில் திரும்புவதற்கு உள்ள வரியை முன்னால் வைத்து, பாட்டு ஏற்கெனவே ஒரு சுற்று சுற்றி வந்தது போன்ற உணர்வைக் கொடுத்துவிடுகிறார். எனக்கு இன்றைக்கும் அந்த முதல் ஐந்தாறு நொடி கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

இன்னொரு விஷயம். தனியாக வாசித்த பழைய ஆட்களிடம் பார் கணக்கு இழுத்தால் இழுபடும். லைட்னின் ஹாப்கின்ஸ் தனக்குத் தோன்றியபோதுதான் கார்டு மாற்றுவார், கூட வாசிப்பவர்கள் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜான் லீ ஹூக்கர் பல பாட்டுகளில் ஒரே கார்டில் நிற்பார், அங்கே திரும்ப வேண்டிய இடமே கிடையாது. மடி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போனார். பிறகு லிட்டில் வால்டரின் ஹார்மோனிகா, ஜிம்மி ராஜர்ஸின் இரண்டாவது கிதார், ஓடிஸ் ஸ்பானின் பியானோ என்று ஒரு குழுவே சேர்ந்து வாசிக்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில் திரும்பியாக வேண்டும். டர்ன்அரவுண்ட் ஒரு கூட்டு அடையாளமாக இறுகியது அப்படித்தான் என்பது என் எண்ணம்.


#9 வலந்தலை

நான் பன்னிரண்டு வருஷம் மிருதங்கம் கற்றவன், கிதார் இப்போதுதான். இதைப் படிக்கும்போது எனக்குத் தீர்மானம், அதாவது முடிப்புக் கோர்வை, வாசிப்பது ஞாபகம் வந்தது. அங்கேயும் எங்கே முடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எங்கே தொடங்குவது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். மழைக்காலம் செய்தது தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு முடிவை விதியிடம் விட்டது. 12-வது பாரின் மூன்றாவது பீட்டில் பி7 என்று ஆணி அடித்துவிட்டு அங்கிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள், இரண்டாவது பீட்டில்தான் தொடங்க முடியும் என்று தானாகத் தெரிந்துவிடும்.


#10 தாளக்கட்டு

பின்னோக்கி எண்ணுவது நல்ல யோசனை, இதை நானும் செய்து பார்க்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும். தீர்மானம் சமத்திலோ (தாளத்தின் முதல் தட்டு) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) போய் உட்கார்ந்து முடிகிறது. டர்ன்அரவுண்ட் முடிவதில்லை. பி7-இல் காலைத் தூக்கி வைத்தபடி நிற்கிறது, அந்தக் காலை அடுத்த சுற்றின் முதல் பீட்டில் ஈ-தான் தரையில் வைக்கிறது. அதனால் பி7-ஐ 'முடித்துவிட்டேன்' என்று ஓங்கி அடிக்காதீர்கள்.


#11 மழைக்காலம்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முதல் மூன்று நாள் 60 டெம்போவில் அந்த 9 முதல் 12, பிறகு 1 என்ற சுற்றை மட்டும் வாசித்தேன். முதல் பீட்டில் ஆறாவது கம்பியைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பீட்தான், ஆனால் கை 7-வது ஃப்ரெட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு கிளம்பத் துடிக்கிறது. கையை வேண்டுமென்றே கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, தட்டிய பிறகே 7-க்குக் கொண்டுபோனேன். அப்புறம்தான் வந்தது.

நான்காவது நாள் போனில் பதிவு செய்து கேட்டபோது இன்னொரு தவறு தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது பீட் நன்றாக இருக்கிறது, நான்காவது பீட்டின் ட்ரிப்லெட் மட்டும் சுருங்கிவிடுகிறது. அடுத்து சி7 வருகிறது என்ற பயத்தில் அவசரப்படுகிறேன் போல. விரல்நுனி சொன்ன ஜோடி இறக்கத்திலும் அதே இடத்தில் அதே அவசரம். பேஸ் வரியைப் பாடினால் அந்த ஏ ஷார்ப் என்னை இழுத்துப் பிடிக்கிறது, அவசரம் குறைகிறது. ஆக, தாளக்கட்டு அண்ணா சொன்னதும் சரி, விரல்நுனி சொன்னதும் சரி.

ஒரு சந்தேகம். ஏ-யில் வாசிக்கும்போது இதே உருவத்தை எங்கே வைப்பது?


#12 ஆறுகம்பி

ரொம்ப சந்தோஷம். நான்காவது பீட் சுருங்குவது பலருக்கும் நடப்பதுதான், பதிவு செய்து கேட்டுக் கண்டுபிடித்தீர்களே, அதுதான் பெரிய விஷயம்.

ஏ-யில் திறந்த ஈ-யை மேலே பிடித்துக்கொள்ள முடியாது, மேலே ஏ வேண்டும். முதல் கம்பி 5-வது ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரலைப் படுக்க வையுங்கள், அது இரண்டாவது கம்பியின் 5-ஐயும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முதல் கம்பி நகராது. இரண்டாவது கம்பியில் 8 சுண்டுவிரல், 7 மோதிர விரல், 6 நடுவிரல், 5-க்கு விரலே வைக்க வேண்டாம், ஆட்காட்டி ஏற்கெனவே அங்கே படுத்திருக்கிறது. ஸ்வரம் ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ. முதல் பீட்டில் கட்டைவிரலுக்குத் திறந்த ஐந்தாவது கம்பி. கடைசியில் எஃப்7 தொட்டு ஈ7.

இங்கே ஒரு இடம் கவனிக்க வேண்டும். ஏ-யில் எஃப்7, ஈ7 என்றால் 'இன்னொரு சுற்று போகலாம்' என்று பொருள். ஈ-யில் அதே எஃப்7, ஈ7 என்றால் 'பாட்டு முடிந்தது' என்று பொருள், ஏனென்றால் அங்கே ஈ-தான் வீடு. ஈ-யில் கடைசிச் சுற்றில் சி7, பி7-க்குப் பதிலாக எஃப்7, ஈ7 வைத்தால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். கைப் பழக்கத்தில் மாற்றி வாசித்துவிட்டால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், பாதிப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஜாமில் (ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வாசிக்கும்போது) சொல்லும் இரண்டு வார்த்தைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஃப்ரம் த ஃபைவ்' என்றால் 9-வது பாரில் இருந்து, அதாவது பி7-இல் தொடங்கி நான்கு பார் முன்னிசை. 'ஃப்ரம் த டர்ன்அரவுண்ட்' என்றால் 11-வது பாரில் இருந்து, இரண்டு பார்தான், உடனே பாட்டு வந்துவிடும். நீங்கள் பழகிய சுற்று 9-இல் தொடங்குவதால் இரண்டுக்கும் தயாராகவே இருக்கிறீர்கள்.


#13 விரல்நுனி

ஒரு சேர்க்கை. எல்லா ப்ளூஸும் 12 பார் இல்லை. 8 பார் பாட்டு வந்தால் டர்ன்அரவுண்ட் 7, 8-இல் வரும். எண்ணிக்கையை நம்பாமல், வீட்டுக்கு வந்த அந்த முதல் பீட்டைக் காதால் பிடியுங்கள், எத்தனை பார் என்றாலும் தப்பாது.


#14 மழைக்காலம்

நேற்று மறுபடி மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஈ, 80 டெம்போ. தாளக்கட்டு எழுதிய ஏற்ற வரியைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் பேஸ் நண்பரிடம் காட்டினேன், அவர் பார்த்துவிட்டு 'இதைத்தானே நான் எப்போதும் வாசிக்கிறேன்' என்றார். நான் இவ்வளவு நாள் அதைக் கேட்டதே இல்லை.

முதல் இரண்டு சுற்று ஒன்றுமே அலங்காரம் செய்யாமல் ஈ-யும் பி7-உம் மட்டும் வைத்தேன். மூன்றாவதில் இறக்கத்தை வாசித்தேன், 12-வது பாரின் முதல் பீட்டில் இரண்டு பேரும் பி-யில் விழுந்தது அறையில் தெரிந்தது, கஹோன் வாசித்தவர்கூடத் தலையைத் தூக்கினார். அப்புறம் ஏழெட்டு சுற்று நிற்காமல் போனது. ஒரு தடவை மட்டும் பி7-ஐ ஓங்கி அடித்துவிட்டேன், அவர்கள் முடிக்கிறேன் என்று நினைத்து மெதுவாக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஏ-யில், 60-க்கும் கீழே மெதுவான 12/8 (நான்கு பீட், பீட்டுக்கு மூன்று தட்டு) ஒன்று வாசிக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு மெதுவில் பீட்டுக்கு நடுவே இடம் நிறைய இருக்கிறதே, அதை நிரப்ப வேண்டுமா?


#15 ஆறுகம்பி

வேண்டாம். மூன்று தட்டையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு அதே ஸ்வரங்களை மட்டும் வாசியுங்கள். அந்த முதல் பீட்டில் ஐந்தாவது கம்பியைத் தட்டிவிட்டு அது அடங்கும் வரை கேளுங்கள்.